கட்டிங் மாஸ்டர் வீட்டு வேலி

"ஏனுங்கப்பா, வேலி கோணலா இருக்குதுங்களே."

பெங்களூரிலிருந்து வீடியோ காலில் மகள் தேவிப்பிரியா இப்படிச் சொன்னதும் பூபாலன் சிரித்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராகக் குப்பை கொட்டியவர் அவர். அவர் வெட்டியதைக் கோணல் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை, சரக்கு வாங்க வந்த எந்த வெளிநாட்டு பையரும் சொன்னதில்லை. சொல்வதற்கென்று வீட்டிலேயே ஒன்று பிறந்திருக்கிறது.

"போனைக் கோணலாப் புடிச்சிருக்கறன் கண்ணு. அதான் உனக்கு அப்படித் தெரியுது."

"அப்ப நேராப் புடிங்க."

பிடித்தார். போன் நேரானது. வேலி நேராகவில்லை.

வேலி என்றதும் முள்ளையும் கம்பியையும் நினைத்துவிடக் கூடாது. நல்லூரில் அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. பதினாலு டுராண்டாச் செடிகள்தான் சுவர். பூவுக்காகவோ காய்க்காகவோ வளர்க்கிற செடி இல்லை அது. வருஷம் பூராவும் இலை உதிராமல் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கும். வெட்ட வெட்ட அடர்ந்து நிற்கும். மனைவி மருதாள் இருந்தவரை இடுப்பளவுக்குத்தான் விட்டிருந்தார்கள். அவள் போய் நாலு வருஷமாகிறது. அதற்கப்புறம் பூபாலன் அதை ஐந்தடிக்கு உயர்த்திவிட்டார். காரணம் அழகு இல்லை. ஒரு மனுஷன் தனியாகச் சமைத்து, தனியாகத் தட்டில் போட்டு, தனியாகச் சாப்பிடுவதை அக்கம்பக்கத்தார் பார்த்து உச்சுக் கொட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

முந்தின நாள் சனிக்கிழமைதான் வழக்கம்போல வெட்டிவிட்டிருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெட்டு. மற்ற நாளெல்லாம் காலையில் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் சரி. வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "அண்ணே, இது என்ன செடிண்ணே?" என்று கேட்டது. "டுராண்டாங்க" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச்சு வளர்வதற்குள் உள்ளே போய்விட்டார். போகும்போது வேலி நூல் பிடித்தாற்போல நின்றது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது மூன்றாவது செடி ஒரு சாண் குட்டையாக நிற்கிறது.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு எத்தனை தடவைங்கப்பா சொல்றது? சேவூர்ல நடந்தது மறந்து போச்சுங்களா?"

சேவூரில் நடந்தது இதுதான். போன மாதம் அங்கே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரே தெருவில் இரண்டு மண்டபம். பூபாலன் நுழைந்தது வேறு மண்டபம். பந்தியில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, மேடையேறி முன்பின் தெரியாத ஒரு ஜோடியை மனசார வாழ்த்தி, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தார். அந்தப் போட்டோ எங்கெங்கோ சுற்றித் தேவிப்பிரியாவின் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. அப்பாவுக்குக் கண் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

உண்மை வேறு. முதல் வாய் வைக்கும்போதே மண்டபம் மாறிவிட்டது பூபாலனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பக்கத்து இலைக்காரர், "உங்களுக்கு எந்த ஊருங்க? எத்தனை குழந்தைங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். அவரை அப்படி யாராவது விசாரித்து வெகு நாளாகியிருந்தது. பதில் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மனசு வரவில்லை. இதை மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கண் போச்சு என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அங்கேதான் வினை.

"கோயமுத்தூர் பக்கம் அந்தக் குடியிருப்பப் பத்திச் சொன்னனில்லைங்களா? வயசானவங்களுக்குன்னே கட்டினது. டாக்டர் இருக்காரு, சமையல் இருக்குது, யோகா இருக்குது. உங்க பேரைக் குடுத்து வச்சிருக்கறன்."

"தோட்டம் இருக்குதா?"

"தோட்டக்காரரே இருக்காருங்கப்பா."

தோட்டக்காரர் இருக்கிறார் என்றால் இவர் கத்தரியைத் தொடக் கூடாது என்று அர்த்தம். காலையில் எழுந்து தொடுவதற்கு ஒன்றும் இல்லாத ஊரில் போய் என்ன செய்வது?

"எங் கண்ணு நல்லாத்தான் சாமி இருக்குது."

"சரிங்கப்பா, ஒண்ணு பண்ணலாம். இன்னும் ரெண்டு வாரத்துல, ஞாயித்துக்கிழமை நான் நேர்ல வர்றன். அன்னைக்கு வேலி நேரா இருந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டன். கோணலா இருந்துச்சுன்னா எங்கூடக் கிளம்போணும்."

"ஒரு வேலிக்கு ரெண்டு வாரமா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுப்போடுவன்" என்றார் பூபாலன்.

திங்கட்கிழமை காலை டேப்பும் சாக்பீசும் கத்தரியுமாக இறங்கினார். கம்பெனியில் துணியை மேலே மேலே விரித்து அடுக்குவதற்கு லே போடுவது என்று பெயர். லேயில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் துணி குட்டையோ அதுதான் எல்லாத் துணிக்கும் அளவு. நீளத்தைக் குட்டைக்குச் சமமாக வெட்டலாம், குட்டையை இழுத்து நீளமாக்க முடியாது. இந்தச் சட்டம் முப்பத்தாறு வருஷத்தில் பூபாலனை ஒருநாளும் கைவிட்டதில்லை. குட்டையான மூன்றாவது செடியை அளந்தார். மற்ற பதின்மூன்றையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தார். மத்தியானம் வேலி நாலேகால் அடியில் ஒரே கோடாக நின்றது.

"என்னண்ணே, காலையிலேருந்து வேலையா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அந்தப் பக்கம் தரை அரையடி தாழ்வு. இப்போது குரலோடு ஒரு நெற்றியும் திருநீறும் தெரிந்தன.

"சும்மாதானுங்க."

பக்கத்து வீட்டில் உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடிவந்து ஆறு மாதமாகிறது. மகளும் மருமகனும் எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறினால் பொழுதுசாயத்தான் திரும்புவார்கள். வீட்டில் இருப்பது மகளின் அம்மா கருத்தம்மா. அவ்வளவுதான் பூபாலனுக்குத் தெரியும். பகலெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து 'டிக், டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அது நூல் பிசிறு வெட்டுகிற சத்தம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தைத்த பனியன்களைக் கட்டுக் கட்டாக வாங்கிவந்து, தொங்குகிற நூலை டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பது. திருப்பூரில் தெருவுக்கு நாலு வீட்டில் அந்தச் சத்தம் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்த பூபாலன், பிரஷை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். பதினோராவது செடி நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார். டேப்பை வைத்துப் பார்த்தார். டேப்பும் மகள் கட்சிதான்.

"என்ன கெரகமோ" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் கத்தரியை எடுத்தார். குட்டைதானே அளவு? மற்ற பதின்மூன்றும் பதினோராவதுக்கு இறங்கின.

புதன்கிழமை ஆறாவது செடி.

"ஏனுங்க அம்மணி, உங்க பக்கம் ஆடு கீடு ஏதாச்சும் வந்து போகுதுங்களா?"

இப்போது வேலிக்கு மேல் கருத்தம்மாவின் கண்ணும் மூக்கும் தெரிந்தன. அறுபதை நெருங்கும் வயது. மூக்குத்தி ஒன்று மினுங்கியது.

"ஆடா? இங்கிட்டு ஏதுண்ணே ஆடு? ஆளே கெடையாது" என்றாள் அவள்.

"செடியை ஏதோ மேயுதுங்க."

"அப்படியா? எங்கிட்டுண்ணே, காட்டுங்க." அவள் எக்கிப் பார்த்தாள். "அடடா, ஆமாண்ணே. இன்னைக்குப் பூரா வேலை இருக்கும் போலயே."

வேலை இருந்தது. அன்றைக்குப் பூராவும் இருந்தது. வேலையோடு பேச்சும் இருந்தது. கையில் இருந்த பனியனைக் கருத்தம்மா வேலிக்கு மேல் தூக்கிக் காட்டி, "இந்தக் கழுத்துப் பட்டிய வெட்டுனவன் கண்ணு எங்கண்ணே இருந்துருக்கும்?" என்று கேட்டாள். பூபாலன் வாங்கிப் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் எவனோ வெற்றிலை போட்டுக்கொண்டே வெட்டியிருக்கிறான். "அவனையெல்லாம் லே டேபிள்ள கட்டிப்போட்டு உதைக்கோணுங்க" என்றார். கருத்தம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததில் இவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், டிவியைப் பார்த்து இல்லாமல் ஒரு மனுஷரோடு சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒரு நினைப்பு வந்து, உடனே கத்தரியைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இரண்டாவது செடி. வெள்ளிக்கிழமை ஒன்பதாவது. பூபாலன் பஸ் பிடித்து அவிநாசி ரோட்டு நர்சரிக்குப் போனார். நர்சரிக்கார நல்லான் செடி விஷயத்தில் படிக்காத டாக்டர். பூபாலன் எடுத்துப்போயிருந்த கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சி இல்லீங்க மாஸ்டர். பூச்சின்னா அரிச்ச மாதிரி இருக்கும். இது சாய்வா, சுத்தமா வெட்டுப்பட்டிருக்குது. நீங்க வெட்டுனதுதான்."

"நான் வெட்டலீங்க."

"உங்க ஊட்டுல வேற ஆரு இருக்காங்க?"

"ஆரும் இல்லீங்க."

"அப்ப நீங்கதானுங்க" என்றார் நல்லான். வழக்கு அத்தோடு முடிந்தது. "ஏனுங்க மாஸ்டர், குட்டையாப் போனதுக்குச் சமமா எல்லாத்தையும் எதுக்குங்க வெட்டறீங்க? துணியா இது? துணி வளராதுங்க. செடி வளருமுங்க. ஒரு மாசம் தண்ணி ஊத்திட்டுக் கையைக் கட்டிட்டு உக்காருங்க. தானா மேல வந்துரும்."

பூபாலன் நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. இத்தனை வருஷம் செடி வளர்த்திருக்கிறார். அது வளரும் என்பது ஐந்து நாளாக மறந்து போயிருக்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு எங்கே போவது? மகள் வர ஒன்பது நாள்தான் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று வேப்பெண்ணெய் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார்.

"ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி. பொழுதோட அடிங்க, வெயில்ல அடிக்காதீங்க" என்று நல்லான் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். காத்திருக்கப் பொறுமையில்லை. அஞ்சு மில்லி கண்ணுக்கே தெரியவில்லையே என்று மூடி மூடியாக ஊற்றிக் கலந்து அடித்தார். சனிக்கிழமை காலை வேலியின் தலை பூராவும் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தாற்போலக் கருகியிருந்தது. கருகினதை அப்படியே விட முடியுமா? வெட்டினார். வேலி மூன்றடிக்கு வந்தது.

"நல்லா வெளிச்சமா இருக்குண்ணே இப்ப" என்றாள் கருத்தம்மா. அவளுடைய முகம் முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கொடியில் காயும் துணி, வாசலில் பனியன் கட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "கட்டு வீட்டுல கெடக்குண்ணே, கம்பெனிச் சரக்கு. போட்டுட்டு எங்கிட்டும் நகர முடியாது. ஊருல இருந்து வந்து ஆறு மாசமாச்சு. இந்தத் தெருவு முக்குல என்ன கடை இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"முறுக்குக் கடை இருக்குதுங்க" என்றார் பூபாலன். மத்தியானம் போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்து வேலிக்கு மேல் நீட்டினார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவர் யோசிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கருத்தம்மா நீட்டிய டம்ளரில் சுக்குக் காப்பி இருந்தது.

இரண்டாவது வாரம் ஆரம்பித்தது. கோணலும் விட்டபாடில்லை. கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று முடிவு செய்தார் பூபாலன். இரண்டு பக்கமும் குச்சி நட்டு நடுவில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டால், கயிற்றின்மேல் கத்தரியை வைத்து ஓட்ட வேண்டியதுதானே? கயிறு தேடினார். திருப்பூர்க்காரர் வீட்டில் கயிறு இருக்காது, எலாஸ்டிக் இருக்கும். எப்போதோ கம்பெனியில் மிஞ்சியது, ஜட்டி இடுப்புக்குப் போடுகிற முக்கால் இஞ்ச் எலாஸ்டிக், ஒரு ரோல். விறைப்பாக இழுத்துக் கட்டினார். பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது.

கிழக்கிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார். நடுவேலிக்கு வந்தபோது மேற்குப் பக்கத்தில் ஒரு காக்கை வந்து எலாஸ்டிக்கில் உட்கார்ந்தது. அந்தக் கனத்துக்கு மேற்குக் குச்சி கொஞ்சம் சாய்ந்தது. காக்கை பறந்த பிறகும் குச்சி நிமிரவில்லை. எலாஸ்டிக் தொய்ந்த வழியே பூபாலனும் கண்ணும் கருத்துமாக வெட்டிக்கொண்டே போனார். கருவியை நம்புகிறவர் அல்லவா? கடைசிச் செடியை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், வேலி கிழக்கில் மலையாகவும் மேற்கில் பள்ளமாகவும் கிடந்தது.

"அண்ணே, இது ஒரு டிசைனா?" என்று கேட்டாள் கருத்தம்மா.

"டிசைன் இல்லீங்க அம்மணி" என்றார் பூபாலன், அழாத குறையாக. பள்ளத்துக்கு மலையைச் சமப்படுத்தினார். வேலி இரண்டடி.

வியாழக்கிழமை மறுபடி நாலாவது செடி இறங்கியிருந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. விளையாட்டு இல்லை, நிஜமான பயம். சவரம் செய்துகொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அம்மா எழுத்துகளைக் காட்டினார். பூபாலன் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சடித்தவர் பெயரையும் படித்தார்.

"இந்த வயசுக்கு அருமையான கண்ணுங்க உங்களுக்கு."

"நல்லாப் பாருங்க டாக்டர். ஏதாச்சும் இருக்கோணுமுங்க."

"ஒண்ணுமே இல்லைங்க."

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பூபாலன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வெறித்துக்கொண்டு வந்தார். கண் நன்றாக இருக்கிறதென்றால், போனது வேறு ஏதோ. நான் வெட்டியதே எனக்கு ஞாபகம் இல்லையா? எழுந்து போய் வெட்டிவிட்டு வந்து மறந்து போகிறேனா? பேச ஆளில்லாமல் இருந்தால் மூளை மழுங்கிவிடும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. இதை யாரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது? மருதாள் இருந்தால், "உங்களுக்கு எப்பத்தான் மூளை இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். பயம் பாதி குறைந்திருக்கும்.

கருத்தம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்தார். சொல்லவில்லை. வேலி கோணலானால் தன்னைப் பெட்டி கட்டிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஒரு கட்டிங் மாஸ்டர் எப்படிச் சொல்வார்? "ஞாயித்துக்கிழமை மக வருதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. இந்தத் தடவை கயிறும் இல்லை, எலாஸ்டிக்கும் இல்லை. கொத்தனார் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்த டியூப்பில் தண்ணீர் நிரப்பி, மட்டம் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இலையாக நறுக்கினார். செடிகளில் பாதிக்குமேல் குச்சிதான் மிச்சம். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் முழங்கால் உயரத்தில், பதினாலு செடியும் ஒரு மயிரிழை பிசகாமல் நேராக நின்றன. முழங்கால் உயரமாக இருக்கக் கூடாது என்று மகள் சொல்லவில்லையே.

கருத்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, விரலில் மாட்டிய டிரிம்மரால் டிக் டிக்கென்று நூலை நறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்த இடத்திலிருந்தே இரண்டு பேரும் பேசலாம்.

"நேராயிருச்சுண்ணே."

"ஆயிருச்சுங்க அம்மணி. பதிமூணு நாள் அக்கப்போரு இன்னையோட முடிஞ்சுது. இனி ரெண்டு மாசத்துக்குக் கத்தரியைத் தொட வேண்டியதில்லீங்க. தண்ணி காட்டிட்டுக் கதவைச் சாத்திட்டுப் படுத்துக்கலாம்."

கருத்தம்மா பனியன் கட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பூபாலன் சாமான்களை ஏறக்கட்டிவிட்டு உள்ளே போனார். ஜெயித்த சந்தோஷம் இருக்க வேண்டும், இல்லை. டிவியைப் போட்டார், அணைத்தார். நாளைக்குக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கார் வந்து நின்றது. பூபாலன் வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்தார். "வா கண்ணு, வந்து பாரு" என்று மகளை நேராக வேலிக்குத்தான் கூட்டிப்போனார், தண்ணீர்கூடக் குடிக்கவிடவில்லை.

எட்டாவது செடியின் நடுவில் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

தேவிப்பிரியா வேலியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்கப்பா, இது வேலிங்களா? அஞ்சடி வேலியை முட்டிக்குக் கொண்டாந்தும் நேரா வல்லீங்களே."

"நேத்து நேரா இருந்துச்சு சாமி."

"நேத்து இருந்துச்சுங்களா?"

"மட்டம் பார்த்து வெட்டுனன் கண்ணு. சத்தியமா இருந்துச்சு." சொல்லும்போதே அவர் குரல் அவருக்கே நம்பிக்கையாக இல்லை.

"போதுமுங்கப்பா. உங்களை இங்க தனியா விட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்கறது? கிளம்புங்க."

சொன்ன சொல் சொன்னதுதான். பூபாலன் உள்ளே போய் ஒரு பையில் நாலு வேட்டியும் மருதாள் போட்டோவும் எடுத்து வைத்தார். கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கத்தரியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். ஞாயிற்றுக்கிழமையிலும் கருத்தம்மா பனியன் கட்டோடுதான் உட்கார்ந்திருந்தாள். மகளும் மருமகனும் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

"அம்மணி, இத நீங்க வச்சுக்கங்க."

"எதுக்குண்ணே?"

"நான் கோயமுத்தூர் பக்கம் போறனுங்க. இனி வரமாட்டன். செடிக்குத் தண்ணி மட்டும் காட்டுங்க, வெட்ட வேண்டாம். வளரட்டும்." அவர் கத்தரியை வேலிக்கு மேல் நீட்டினார். "எனக்குக் கண்ணு போச்சுங்க அம்மணி. கண்ணோ மூளையோ, ஏதோ ஒண்ணு. ரெண்டு வாரமா வெட்டறன், ஒருநாளாச்சும் மறுநா வரைக்கும் நேரா நின்னுச்சுங்களா? மக வந்து பார்க்கறப்ப நேரா இருந்தா இங்கயே இருந்துக்கலாம்னு பேச்சு. இல்லாமப் போச்சு."

கருத்தம்மா எழுந்தாள். மடியிலிருந்த பனியன் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. கத்தரியையும் வாங்கவில்லை. பூபாலனுக்குப் பின்னால் நின்ற தேவிப்பிரியாவைப் பார்த்தாள்.

"வேலி கோணலா இருக்குன்னா தாயி அப்பாவக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமாங்கம்மா. பாருங்க, நீங்களே பாருங்க. கண்ணு நல்லா இருக்கறவங்க வெட்டுன மாதிரியாங்க இருக்குது?"

கருத்தம்மா விரலில் மாட்டியிருந்த டிரிம்மரைக் கழற்றி, எட்டாவது செடியின் பள்ளத்துக்குப் பக்கத்தில் வேலிமேல் வைத்தாள்.

"அவரு கண்ணுல ஒரு கொறையும் இல்ல தாயி, தெனமும் நேராத்தேன் வெட்டுனாரு, பொழுது சாஞ்சதும் ஒரு கொப்ப நறுக்கி விட்டது நாந்தேன் — வேலி நேரா இருந்துச்சுன்னா அண்ணே வெளிய வரமாட்டாருல்ல."